மரத்திற்கு விலையுண்டு; மண்ணிற்கு?

சிறியதை விட்டுப் பெரியதைக் காத்தல் அறிவுடைமை என்பது உலகம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட நீதி. ஒரு நாடு வாழ்வதற்காக ஓர் ஊர் வழிவிட வேண்டும் என்னும் எண்ணமும் அந்நீதியின் வழி வந்ததே. அணை கட்டுவோரும், சாலை அமைப்போரும், சுரங்கம் தோண்டுவோரும், காடு திருத்துவோரும் இதனையே தங்கள் செயலுக்கு அரணாகக் கொள்கின்றனர். பொது நன்மை என்ற சொல் எழுந்த மாத்திரத்தில் மறுப்புரைகள் அடங்கிவிடுகின்றன. தன்னலத்தினும் பொதுநலமே உயர்ந்தது எனப் பள்ளிப் பருவம் முதற்கொண்டு கற்றவர்கள் அதனை எவ்வாறு மறுத்துரைப்பர்?

ஆயின், இந்நீதியில் ஒரு சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'விடுதல்' என்பதே அச்சொல். தனக்குரியதைத் தானே மனமுவந்து விடுபவன் தியாகி. பிறனுக்குரியதை அவனைக் கேளாமலே எடுத்துக்கொண்டு, நாட்டிற்காக அவன் விட்டுக்கொடுத்தான் என்று ஏட்டில் எழுதிவைப்பவனை எப்பெயரால் அழைப்பது? கொடுத்தலும் பறிகொடுத்தலும் ஒன்றாகுமா? வாழ்வில் இரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளாகிய ஓராங் அஸ்லி மக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வினாவிற்கு விடை தேடிக்கொண்டிருக்கின்றனர். பதினெட்டுச் சிறுகுழுக்களாகப் பகுக்கப்படும் அம்மக்கள் இன்று ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களுள் தெமுவான் மக்களும் மா மெரி மக்களும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த சிலாங்கூர்ப் பகுதிகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவருபவர்கள். தமிழர் பெருவாரியாக வாழும் பகுதியும் இதுவே. ஆதலின், அவர்தம் வழக்கு தமிழாசிரியரும் தமிழ் மாணவரும் தொலைவிலிருந்து கேட்டுவிட்டு மறக்கத்தக்க வழக்கன்று.

மண் ஈன்ற நகரம்

கோலாலம்பூரின் வரலாற்றை மாணவர்கள் 1857-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கிப் படிக்கின்றனர். அவ்வாண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்து, கோம்பாக் ஆறு கலக்குமிடத்தில் இறங்கி, அம்பாங் காட்டில் ஈயம் தேடினர். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோரும் அவர்களைத் தொடர்ந்து வந்தோரும் தோண்டிய ஈயமே நகரத்திற்கு அடித்தளம் இட்டது. பின்னர், மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கடைவீடுகள் தீயாலும் வெள்ளத்தாலும் அழியவே, செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அக்கட்டடங்களுக்குக் களிமண் எடுத்துச் செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடியது. பின்னர்க் காடு அழிந்து பால்மரத் தோட்டங்கள் பெருகின. தண்டவாளம் இடுவதற்கும், காடு வெட்டுவதற்கும், பால்மரம் சீவுவதற்கும் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர்.

ஈயம், களிமண், மரம், இரப்பர், செம்பனை, நீர் என வரிசையிட்டு நோக்கினால், இப்பள்ளத்தாக்கின் வளம் முழுவதும் மண்ணிலிருந்து எடுத்த வளமே என்பது புலனாகும். எடுத்தவர்களின் பெயர்கள் தெருக்களுக்கும் தீவுகளுக்கும் நிலைத்துவிட்டன. கிள்ளானுக்குத் தெற்கே மா மெரி மக்கள் வாழும் தீவு, தோட்ட முதலாளியாகிய கேரி என்னும் ஆங்கிலேயரின் பெயரால் கேரித் தீவு என்றே இன்றும் வழங்குகிறது. ஆயின், அம்மண்ணில் முன்னரே வாழ்ந்தவர்களின் பெயர்கள் அவ்வரிசையில் இல்லை. ஆளற்ற காடு நாடாயிற்று என்று எழுதுவது எளிது. காடு ஆளற்றதாக இருந்ததா என்று கேட்பதே வரலாற்றறிவின் தொடக்கம்.

டெங்கிலில் எழுந்த வழக்கு

சிலாங்கூர் மாநிலத்து டெங்கில் வட்டாரத்தில் கம்போங் புக்கிட் தம்போய் என்பது தெமுவான் மக்கள் வாழும் சிற்றூர். 1995-ஆம் ஆண்டில் புதிய அனைத்துலக விமான நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக அவ்வூரில் ஏறத்தாழ 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. 23 குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அவர்களுக்கு ஒன்றுமே கொடுக்கப்படவில்லை என்று கூறுதல் பொருந்தாது. பழமரங்களுக்கும், பயிர்களுக்கும், வீடுகளுக்கும் தொகை கணக்கிட்டு வழங்கப்பட்டது. ஆனால், அம்மரங்கள் வேரூன்றி நின்ற நிலத்திற்கு மட்டும் ஒரு காசும் இல்லை.

இஃது எவ்வாறு இயன்றது? 1954-ஆம் ஆண்டில், அவசரகாலப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஆங்கிலேய ஆட்சி பூர்வகுடி மக்களுக்கெனத் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டத்தின்படி பூர்வகுடியினர் தங்கள் நிலத்தில் குடியிருக்கலாம். எனினும், நிலவுடைமையாளன் விரும்பும்போது வெளியேற்றத்தக்க குடியிருப்பாளனுக்கு உள்ள உரிமையினும் மேலான உரிமை அவர்களுக்கு இல்லை. அவர்களின் மரங்கள் அழிந்தால் ஈடு தருவதற்கு விதியுண்டு. நிலம் எடுக்கப்பட்டால் ஈடு 'தரலாம்' என்றே சட்டம் கூறியது. 'தருதல் வேண்டும்' எனக் கூறவில்லை. 'லாம்' என்னும் விகுதிக்கும் 'வேண்டும்' என்னும் சொல்லுக்கும் உள்ள இடைவெளியை இலக்கணம் கற்பிப்போர் நன்கு அறிவர். அவ்விடைவெளியில் ஓர் ஊர் முழுவதும் விழுந்து மறைந்துவிட்டது.

சாகோங் தாசி என்பவரும் அறுவரும் தங்கள் மக்கள் சார்பில் நீதிமன்றத்தை நாடினர். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், வழிவழியாக வாழ்ந்துவரும் நிலத்தில் அவர்களுக்கு உடைமை உரிமையே உண்டு எனத் தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய அத்தீர்ப்பு மேலும் ஒரு படி சென்றது. எடுக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி பூர்வகுடி நிலமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது. அறிவிக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது. காக்கவேண்டியவன் காவாதிருந்துவிட்டு, அக்குறையையே தனக்கு ஆதாயமாகக் கொள்ளுதல் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2010-ஆம் ஆண்டில், 65 லட்சம் ரிங்கிட் வழங்கும் உடன்பாட்டுடன் வழக்கு முடிவுற்றது. நிலம் எடுக்கப்பட்டது ஒரு சில நாள்களில். நீதி வந்து சேர்வதற்கோ பதினைந்து ஆண்டுகள்.

மண் என்பது யாது?

மரத்திற்கு விலை தந்து மண்ணிற்கு விலை தாராமை சட்டத்தின் குறை மட்டுமன்று; அஃது ஒரு சிந்தனையின் விளைவும் ஆகும். உழைப்பினால் விளைந்தது மட்டுமே ஒருவனுக்கு உரியது. உழாத நிலம் எவருக்கும் உரியதன்று என்னும் கருத்து ஐரோப்பியச் சிந்தனையில் வேரூன்றி, குடியேற்ற ஆட்சிகளோடு உலகெங்கும் பரவியது. அக்கருத்தின் துணைகொண்டே ஆஸ்திரேலியா முழுவதும் உரியவரற்ற நிலமாகக் கருதப்பட்டது. அது பொய்யென அந்நாட்டு உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்பளித்தது 1992-ஆம் ஆண்டில்தான்.

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இக்கருத்து முரணாகவே தோன்றும். வேள் பாரியின் பறம்பு மலை, ஏரின் துணையின்றியே மூங்கில் அரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தந்து தன் மக்களை வாழ்வித்தது எனக் கபிலர் வாயிலாக அறிகிறோம். முல்லைக்கும் குறிஞ்சிக்கும் மருதத்திற்குரிய அளவுகோலைச் சங்கப் புலவர்கள் வைத்தாரல்லர். ஒவ்வொரு நிலத்திற்கும் தனித்தனித் தொழிலும், உணவும், தெய்வமும் வகுத்துக் கண்டனர். கபிலரின் பறம்பு பயன்படாத நிலமன்று. வேறு வகையில் பயன்பட்ட நிலம். பெருநாக்கோடு நிலத்தை அளக்கச் சென்றவன் கண்ணுக்கு மட்டுமே அது வெறுங்காடு.

இவ்வுண்மையை மலேசிய நீதிமன்றம் ஒன்றும் ஒருகால் உணர்ந்து உரைத்தது. ஜொகூர் மாநிலத்து லிங்கியூவில், சிங்கப்பூருக்கு நீர் வழங்கும் அணைக்காக ஜக்கூன் மக்களின் காடு எடுக்கப்பட்டது. காட்டை இழந்தமைக்காக ஜொகூர் அரசு சிங்கப்பூரிடமிருந்து 32 கோடி ரிங்கிட் ஈடாகப் பெற்றது. அக்காட்டில் வாழ்ந்தவர்கள் தங்களுக்கு உரிய ஈடு பெற நீதிமன்றம் செல்ல வேண்டியதாயிற்று. அடோங் வழக்கு என 1997-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற அத்தீர்ப்பு, இழப்பினை ஐவகையாகப் பகுத்தது: மூதாதையர் நிலத்தின் இழப்பு, உறையவும் உலவவும் இருந்த உரிமையின் இழப்பு, காட்டு விளைபொருளின் இழப்பு, ஒருவனும் அவன் குடும்பமும் வருங்காலத்தில் வாழ்வதற்கான வழியின் இழப்பு, அவன் வழித்தோன்றல்களின் வாழ்விற்கான இழப்பு. இவ்வைந்திற்கும் சேர்த்து 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் வழங்க ஆணையிட்டது. மறு ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்றது.

எனினும், டெங்கில் வழக்கில் உயர்நீதிமன்றம் உரிமைக்கு ஓர் எல்லை வகுத்தது. குடியிருக்கும் இடமும் பயிரிடும் இடமுமே அவர்களுடையவை. உணவு தேடி உலவும் பெருங்காடு அவ்வுரிமையுள் அடங்காது என்றது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே உள்ள முரண் சட்டவல்லுநர் மட்டும் ஆராயத்தக்கதன்று. மனிதனுக்கு வீடு எங்கே முடிகிறது என்பதே அம்முரணின் உள்ளீடு. கடலோடும் பரதவனுக்குக் குடிசை மட்டுமே வீடாகுமா? கடலை எடுத்துக்கொண்டு குடிசையை அவனுக்கே விட்டுவைத்தோம் என்று சொல்லின், அவனிடம் எஞ்சுவது யாது?

தாகங்கொண்ட நகரத்தின் வாதம்

மறுதரப்பின் வாதத்தையும் அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைத்தலே நடுவுநிலைமை. அரசு என்பது கோடிக்கணக்கான மக்களுக்குப் பொறுப்பேற்ற அமைப்பு. மருத்துவமனை இன்றேல் நோயாளி மடிவான். சாலை இன்றேல் வணிகம் முடங்கும். நீர் இன்றேல் நகரமே இல்லை. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது. வாளிகளுடன் தண்ணீர் லோரிக்குக் காத்து நின்ற தாய்மார்களுக்கு அணையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வாற்றின் மேற்பகுதியில், கோலகுபு பாருவுக்கு அருகே, சிலாங்கூர் அணை எழுந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அப்பணி நடைபெற்றபோது கெராச்சி, பெர்த்தாக் என்னும் தெமுவான் சிற்றூர்களின் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். அவர்களுக்குச் செங்கல் வீடுகள் கட்டித் தரப்பட்டன. ஒரு சில நூறு பேர் மறுப்பதனால் பல லட்சம் பேர் தாகத்தால் வாடுவதா என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் இல்லை என்று ஒதுக்கிவிட இயலாது. எண்ணிக்கையை அறவே புறக்கணிக்கும் அறம் நடைமுறைக்கு உதவாது.

ஆயின், இவ்வாதத்தினுள் மூன்று பிழைகள் மறைந்து நிற்கின்றன.

முதலாவது, தேவையும் ஆசையும் ஒன்றெனக் கொள்ளப்படுதல். பொது நன்மை என்ற பெயரில் வருவன அனைத்தும் குடிநீர் அல்ல. கோலா லங்காட் வடக்குக் காப்புக்காட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மக்கிய இலைதழைகள் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து உருவான சதுப்புநிலக் காடு அது. அதனைச் சூழ்ந்து தெமுவான் ஊர்கள் உள்ளன. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில், 930 ஹெக்டருக்கும் மேற்பட்ட அக்காட்டின் காப்பு நிலையை நீக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அணைக்காகவோ மருத்துவமனைக்காகவோ அன்று. வீடும் கடையும் கலந்த வணிக மேம்பாட்டிற்காக. ஆயிரக்கணக்கான மறுப்புரைகள் குவிந்தன. காட்டைக் காக்க வேண்டும் எனச் சட்டமன்றமே அவ்வாண்டு நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின்னரும் 2021-ஆம் ஆண்டு மே திங்களில் 536 ஹெக்டருக்கான காப்பு நீக்கப்பட்டது. அச்செய்தி ஆகஸ்டு இறுதியில்தான் மக்களுக்குத் தெரியவந்தது. எதிர்ப்பு வலுக்கவே, செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது. கேட்டபின் கைவிடத்தக்க திட்டம், கேளாதிருந்தால் பொது நன்மை என்ற பெயரிலேயே நிறைவேறியிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

இரண்டாவது, இழப்பவர் எப்பொழுதும் ஒருவரே ஆதல். பொது நன்மையின் சுமை பொதுவாகவே பகிரப்படுதல் முறை. இன்று ஒருவர், நாளை மற்றொருவர் எனச் சுற்றிவருமாயின் அதனைப் பொதுச்சுமை எனலாம். அணைக்கும், நெடுஞ்சாலைக்கும், தோட்டத்திற்கும், வீடமைப்பிற்கும் மீண்டும் மீண்டும் ஒரே மக்களே வழிவிட நேருமாயின் அது தற்செயல் அன்று, ஒரு வழக்கம். அந்நிலத்தை எடுப்பது எளிது, மலிவு, கேட்பாரில்லை என்பதனால் நிலைபெற்ற வழக்கம். நாட்டின் அரசமைப்பில் நிலமும் காடும் மாநில அரசின் கையில் உள்ளன. பூர்வகுடியினர் நலம் கூட்டரசின் பொறுப்பில் உள்ளது. நிலத்தால் வருவாய் பெறுவது ஓர் அரசு. மக்களைக் காக்க வேண்டியது மற்றோர் அரசு. இவ்விரண்டிற்கும் நடுவே எளியவன் குரல் தேய்ந்துவிடுகிறது.

மூன்றாவது பிழையே தலையாயது. 'மறுத்தால் என் செய்வது' என்று அஞ்சிக் கேளாமலே இருத்தல். கேட்டால் மறுப்பர் என்று முன்னரே அறிந்திருத்தல், எடுப்பது அவர்களுக்கு உவப்பன்று என்பதனை அறிந்திருத்தலே அன்றோ? அறிந்தும் எடுத்தல் எவ்வாறு தியாகமாகும்?

கேட்டல் என்னும் அறம்

கேட்டல் இயலாத செயல் அன்று. இந்திய நாட்டில் ஒடிசா மாநிலத்து நியாம்கிரி மலையில் அலுமினியத்திற்கான கனிமம் எடுக்க ஒரு பெரும் நிறுவனமும் மாநில அரசின் நிறுவனமும் முனைந்தன. அம்மலை டோங்கிரியா கோண்டு மக்களின் தெய்வம் உறையும் மலை. 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய உச்சநீதிமன்றம், அம்மக்களின் கிராம சபைகளே இதனை ஆராய்ந்து முடிவு கூறட்டும் எனப் பணித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. சுரங்கம் தோண்டும் திட்டம் நின்றது. இந்திய நாடு அதனால் வீழ்ந்துவிடவில்லை. எழுத்தறியா மக்கள் என எள்ளப்பட்டோர், கேட்ட கேள்விக்குத் தெளிவான விடை கூறவல்லவர் என்பதே உலகிற்குப் புலனாயிற்று.

2007-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றது. கட்டாயமின்றி, முன்கூட்டியே, முழுமையாக அறிவித்து இசைவு பெறுதல் அதன் அடிநாதம். ஆதரித்து வாக்களித்த 144 நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 2013-ஆம் ஆண்டில் மலேசிய மனித உரிமை ஆணையமும் பூர்வகுடியினர் நிலவுரிமை குறித்து நாடளாவிய விசாரணை நடத்தி அறிக்கை வெளியிட்டது. ஆகவே, அறம் இன்னதென்று தெரியவில்லை என்று எவரும் கூறுவதற்கில்லை. தெரிந்த அறத்தைச் செயலில் காட்டுவதே எஞ்சியுள்ளது.

எப்போதும் மறுப்பே விடையாகும் என்று கருதவும் வேண்டா. முறையாகக் கேட்கப்பட்ட மக்கள் இசைந்த நேரங்களும் உண்டாகலாம். மாற்றிடம் காட்டிய நேரங்களும் உண்டாகலாம். அவ்வாறு இசைந்து தரும்போது மட்டுமே அவர்கள் நாட்டிற்காக விட்டுக்கொடுத்தவர் ஆவர். கேட்பதனால் அரசு சிறுமைப்படாது. கொடுப்பவனாக உயரும் வாய்ப்பை எளியவனுக்கு வழங்கும் அரசே பெருமையுறும். கேளாமல் எடுக்கும்போது அவன் நிலத்தை மட்டும் இழப்பதில்லை. கொடுக்கும் மாண்பையும் இழக்கிறான். ஈட்டுத்தொகை எவ்வளவு பெரிதாயினும் அம்மாண்பை மீட்டுத் தாராது.

தமிழர் நிற்கும் இடம்

இவ்வழக்கில் தமிழர் எங்கு நிற்கின்றனர்? இதற்கு விடை கூற மீண்டும் டெங்கிலுக்கே செல்லுதல் வேண்டும். நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் நிலம் எடுக்கப்பட்ட அதே பத்தாண்டில், அதற்கு அணித்தாகவே புத்ராஜெயா என்னும் புதிய நிர்வாக நகரம் எழுந்தது. அந்நகரம் எழுந்த மண் பிராங் பெசார் தோட்டம். அதிலும் அதனை அடுத்த தோட்டங்களிலும் பால்மரம் சீவி, செம்பனைக் குலை வெட்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேறின. டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றப்பட்டன. கோயிலும், பள்ளியும், காய்கறித் தோட்டமும், மாட்டுக்கொட்டகையும் கொண்டிருந்த வாழ்வு மாடிப்படிகளில் ஏறி அடங்கிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நகரங்களாக மாறிய காலத்தில் இவ்வாறு பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்துணையோ. உழைத்த ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பணம் தரப்பட்டது. வாழ்ந்த வாழ்வைக் கணக்கிட எந்த விதியிலும் இடமில்லை.

தெமுவானுக்கு மரத்தின் விலை; தமிழனுக்கு உழைப்பின் விலை. இருவருக்கும் மண்ணின் விலை இல்லை. ஆதலின், பூர்வகுடியின் துயரைப் புரிந்துகொள்வதற்குத் தமிழர் பிற நாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. தம் தாத்தா பாட்டியர் லயத்தை விட்டு வெளியேறிய நாளை எண்ணிப்பார்த்தாலே போதும்.

எனினும், இவ்வொப்புமையை அளவிறந்து நீட்டுதல் உண்மைக்கு மாறாகும். தோட்டத் தமிழர் இழந்தது நான்கைந்து தலைமுறை வாழ்ந்த இடத்தை. பூர்வகுடியினர் இழந்தது நினைவு எட்டாத காலந்தொட்டு வாழ்ந்த இடத்தை. மேலும், தமிழர் வாழ்ந்த அத்தோட்டங்களே முன்னொரு காலத்தில் எவரோ உலவிய காடுகள். கோடரி ஏந்திய கை தமிழன் கையாக இருந்தது. அக்கைக்கு ஆணையிட்டவன் வேறொருவன். கடனிலும் கங்காணியின் கட்டளையிலும் சிக்கிய கூலிக்குத் தெரிவு என்று ஒன்று இருந்ததில்லை. அவன்மேல் பழி சுமத்துதல் முறையன்று. ஆனால், பழி வேறு, கடன் வேறு. குற்றம் செய்யாதவனுக்கும் கடன் உண்டு. பெற்றோர் வாங்கிய கடனை மகன் தீர்ப்பது குற்றத்திற்காக அன்று, பயன் பெற்றமைக்காக. கிள்ளானில் குழாயைத் திறந்து நீர் பருகும் ஒவ்வொருவரும், இனம் எதுவாயினும், கெராச்சி மக்களிடம் அத்தகைய கடன்பட்டவர்களே.

எங்கள் உரிமையே நிறைவாகக் கிட்டாதபோது பிறர் உரிமைக்குக் குரல் கொடுப்பதா என்று சிலர் கேட்கலாம். பசித்தவன் கேட்கும் கேள்வி அது, வெறுக்கத்தக்கதன்று. ஆயினும், தனக்கு மட்டும் வேண்டப்படும் நீதி நீதியாகாது, அது சலுகை. சலுகையைக் கொடுத்தவன் விரும்பும்போது திரும்பப் பெறுவான். எல்லார்க்கும் பொதுவாக நிற்கும் நீதி ஒன்றே எளிய சமூகங்களுக்கு நிலைத்த காவல். தெமுவானின் வழக்கில் நிலைநாட்டப்பட்ட கொள்கை, நாளை எவ்வெளியவன் வாயிற்படியிலும் துணைநிற்கும்.

வகுப்பறையில் தொடங்க வேண்டியது

முன்னாளில் பூர்வகுடி மக்களை அடிமை என்னும் பொருள் தொனிக்கும் 'சக்காய்' என்ற பெயரால் அழைத்தனர். 1960-களில் அதனைக் கைவிட்டு, ஆதிமக்கள் எனப் பொருள்படும் ஓராங் அஸ்லி என்ற பெயரை அரசு ஏற்றது. தமிழிலோ 'காட்டான்' என்பதும் 'காட்டுமிராண்டி' என்பதும் இன்றும் வசைச்சொற்களாகவே உலவுகின்றன. குறும்பு செய்யும் மாணவனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் நாவிலும் அவை தவறி வந்துவிடுவதுண்டு. காடு என்பது இழிவு, நகரம் என்பது உயர்வு என்னும் பாடத்தை எந்தப் பாடநூலும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வொரு சொல்லே கற்பித்துவிடும். அவ்வாறு கற்ற மாணவன் பின்னாளில் அதிகாரியாகவோ, பொறியாளனாகவோ, வழக்கறிஞனாகவோ அமரும்போது, காட்டில் வாழ்பவனைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு எங்ஙனம் தோன்றும்?

கேரித் தீவில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அதே தீவில் மா மெரி மக்கள் மரத்தில் முகமூடிகள் செதுக்கி, ஆண்டுதோறும் மூதாதையரை வழிபட்டு விழா எடுக்கின்றனர். தென்புலத்தார் வழிபாட்டைப் போற்றும் தமிழ் மாணவனுக்கு அவ்விழா அயலானதாகத் தோன்ற இடமில்லை. கோம்பாக்கில் ஓராங் அஸ்லி அரும்பொருளகம் உள்ளது. கல்விச் சுற்றுலா செல்லும் பள்ளிகள் அங்கும் செல்லலாம். ஆயின், காட்சிப் பொருள்களைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல், இவற்றைச் செய்த மக்கள் இன்று எங்கே, எந்நிலையில் வாழ்கின்றனர் என்ற கேள்வியையும் மாணவர் உள்ளத்தில் விதைத்தல் ஆசிரியர் கடமை.

பறம்பு மலையை முற்றுகையிட்டவர்கள் அயலார் அல்லர், தமிழ் மூவேந்தரே. படையும் புகழும் அவர்கள் பக்கம் இருந்தன. எனினும், அவ்வரலாற்றைப் போற்றிவைத்த தமிழ் மரபு வென்றவரைப் பாடி மகிழவில்லை. மலையை இழந்த பாரி மகளிரின் கண்ணீரையே காத்துவைத்தது. வலியவர் தம்மவரேயாயினும், எளியவன் பக்கம் நின்று நினைவைக் காப்பது அறம் என்னும் பேருண்மையை அம்மரபு சொல்லாமல் சொல்கிறது. அப்பாடல்களை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவர்கள் தமிழாசிரியர்கள். பறம்பின் துயரை உணர்ந்து கற்பிக்க வல்லவர்க்குப் புக்கிட் தம்போயின் துயரை உணர்த்துதல் அரிதன்று. நாளைய பொது நன்மைத் திட்டத்தில் கையொப்பமிடப் போகும் கை, இன்று அவர்தம் வகுப்பறையில் எழுதுகோல் பிடித்திருக்கலாம். ஒப்பமிடுமுன் ஒருமுறை நின்று, 'அவர்களைக் கேட்டாயிற்றா?' என்று வினவும் பழக்கத்தை அக்கைக்கு உரியவனிடம் உண்டாக்கிவிட்டால், கல்வி தன் கடனைச் செய்ததாகும்.